மச்சானின் பெருவிரல்

மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொறியியல் மனிதகுலத்தின் பயத்தை அடியோடு ஒழித்துவிட்டது. வீட்டு வாசலில் லாரியை ஜாக்கியில் தூக்கிவைத்து, முன்பக்க ஸ்பிரிங் பட்டையை மாற்ற மச்சான் அடியில் படுத்திருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால் பெருவிரலைப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"ஜாக்கி சரிஞ்சா விரல் மட்டுந்தான் உன் கையில இருக்கும்க்கா," என்றேன்.

"அதாச்சும் இருக்கட்டும்டா."

பால் தீயும் வாடை வரவே எழுந்து உள்ளே ஓடினாள். பழைய பட்டை கழன்று விழுந்தது. லாரி ஒருமுறை முனகி, லேசாகத் தாழ்ந்து நின்றது. தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு அவர் கால்மாட்டில் குத்தவைத்தேன்.

"ஏன் சுகந்தி இந்த நெரி நெரிக்கிற?" என்றார் மச்சான் அடியிலிருந்து.

நான் மூச்சுக் காட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.