குளத்துக்குத் தண்ணீர்

படத்தில் லாரி நம்பர் தெளிவாக இருந்தது.

ஏழு மட்டும் இடவலமாகத் திரும்பி நின்றது. மற்ற மூன்று எண்களும் அச்சடித்த மாதிரி இருந்தன.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

மேடையில் சுகந்தி டீச்சர் அந்தப் படத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். 'நம் குளத்தைக் காப்போம்' ஓவியப் போட்டி. ஒன்றாம் வகுப்பில் முதல் பரிசு பிரணிகாவுக்கு.

அவளுடைய மகள்.

படத்தில் ஒரு குளம். கரையில் டேங்கர் லாரி. மீசை வைத்த ஒருவர் தடித்த குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழாயிலிருந்து ஊதாவும் சிவப்புமாகத் தண்ணீர் கொட்டுகிறது. மீன்களெல்லாம் சிரிக்கின்றன.

"வீட்ல யாரு குளத்துக்கு நல்லது பண்றாங்கன்னு வரையச் சொன்னேனுங்க. பாப்பா அவங்கப்பாவ வரைஞ்சிருக்குது. தண்ணிய வானவில்லாட்டம் போட்டிருக்குது பாருங்க" என்றார் டீச்சர்.

கூட்டம் கைதட்டியது.

அது வானவில் இல்லை. சாயப்பட்டறைக் கழிவு. அன்றைக்குப் பட்டறையில் என்ன சாயம் ஓடுகிறதோ அதுதான் குளத்துக்கும் நிறம்.

ஒரு மாதமாக வீட்டில் குழந்தையின் ராஜ்ஜியம்தான். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து வைத்தால் அப்பாவுக்கே திட்டு. மிட்டாய்த் தாளைக் கீழே போட்டவரோடு அன்று முழுக்கப் பேச்சு கிடையாது. எல்லாம் சுகந்தி டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு லீவு நாளில் அடம்பிடித்து அப்பாவோடு லாரியில் போனது குழந்தை. என்ன பண்றீங்க என்று கேட்டதற்கு, குளத்துக்குத் தண்ணி ஊத்தறன் சாமி என்றிருக்கிறான் மயில்சாமி. பெற்ற பிள்ளையிடம் வேறு என்னதான் சொல்வான்.

பிரணிகா எண்களைக் கற்றதே அந்த லாரியின் பின்பக்கத்தில்தான். விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். எந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்தோமோ என்று இருந்தது.

போன வருடம் அதே பட்டறையின் இன்னொரு லாரியைக் கழிவு கொட்டும்போது அதிகாரிகள் பிடித்தார்கள். டிரைவர் ஜெயிலுக்குப் போனான். அந்த ஆளையே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார் முதலாளி.

அந்த முதலாளிதான் இன்றைக்குச் சிறப்பு விருந்தினர். பள்ளிக்குக் குடிநீர் மெஷின் வாங்கிக் கொடுத்தவர். பரிசுக் கோப்பையோடு சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

நிருபர் ஒருவர் மேடைக்குக் கீழே வந்து செல்போனை உயர்த்தினார். "படத்தக் கொஞ்சம் முன்னால புடிங்க டீச்சர்."

டீச்சர் பிடித்தார்.

ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். பிடுங்காவிட்டால் நாளைக்குப் பேப்பரில் நம்பர் வரும்.

முதலாளி குனிந்து படத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் லாரி அவருக்குத் தெரியாதா?

பிறகு மறுபடியும் சிரித்தார்.

"இத நானே எடுத்துக்கறேனுங்க டீச்சர். ஆபீஸ்ல மாட்டோணும்."

கோப்பையைப் பிரணிகாவிடம் கொடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நிருபரை ஒரு பார்வை பார்த்தார். நிருபர் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தன் படம் முதலாளி ஆபீஸுக்கே போகிறது. பதிலுக்கு அவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். கோப்பையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு எட்டி மைக்கைப் பிடித்தது.

"உங்க வீட்டுக் கெணத்துக்கும் எங்கப்பாவ ஊத்தச் சொல்றனுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுகந்தி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி குழந்தையின் தலையில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை.

"உங்கம்மா வந்திருக்காங்களா கண்ணு?"

குழந்தை கூட்டத்துக்குள் தேடியது.

அவளுக்கு முன் வரிசையில் அகலமான முதுகோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் குனிந்தால் போதும், மேடையிலிருந்து தெரியாது.

அந்தக் கை இன்னும் குழந்தையின் தலைமேல்தான் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.