துரும்பு

பஞ்சாயத்தில் நாச்சிமுத்து, உறவு முறிந்ததற்கு அடையாளமாக ஒரு துரும்பைக் கிள்ளி எறிந்து, குழந்தையைக் காட்டி "இது என் ரத்தமில்லை" என்று மனைவியை அறுத்துவிட்டபோது, செங்கமலம், அம்மாவின் இடுப்பில் இருந்த அந்தக் கைக்குழந்தை. இன்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "தறிகெட்டு வளர்ற செல்லைச் சாகடிக்க உடம்புல ஒரு காவல் மரபணு இருக்கும்மா. உங்களுக்கு அது பிறவியிலேயே பழுது. அதான் இவ்வளவு மருந்துக்கும் கட்டி அசையல. உங்க அம்மாவுக்கு அது நல்லா இருக்கு. இது அப்பா வழியில வந்தது. அவரோட மத்த பிள்ளைங்களை இப்பவே சோதிச்சா காப்பாத்திடலாம். அவர் நம்பர் சொல்லுங்க."

அம்மா சாமி சாமியாகப் போய்க் கேட்ட சாட்சி, கட்டியாக வந்திருக்கிறது. சந்தையில் பார்த்த, நாச்சிமுத்துவின் இளைய மகன் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் இவளுடைய அதே மோவாய். அவன் தோளில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாய் தின்ற குழந்தைக்கும் அதே மோவாய்.

துடைப்பத்திலிருந்து உதிர்ந்து கட்டிலோரம் கிடந்த ஓர் ஈர்க்கை எடுத்தாள்.

"நான் அவரு ரத்தமில்லைன்னு ஊர் முன்னால அவரே சொன்னாருங்க. அப்புறம் என் சீக்கு அந்த வீட்டுக்கு எப்படிங்க வரும்?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். செங்கமலத்தின் இரு கைகளுக்கிடையே ஈர்க்கு வில்லாக வளைந்தது. இன்னும் ஒடியவில்லை.