பக்கத்துக் கட்டில்

“எனக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்றார் வீரய்யா, இருமலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு.

கொழும்பிலிருந்து இல்லத்தைப் பார்க்க வந்திருந்த பரிசோதகர் சிவராசா அதையும் எழுதிக்கொண்டார். வீரய்யா பத்தாவது ஆள். பத்துப் பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹட்டனுக்கு மேலே, பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் நடந்த எங்கள் முதியோர் இல்லத்துக்கு நான்தான் பொறுப்பு. இருந்தவர்கள் எல்லாரும் தோட்டத்திலேயே தேய்ந்து, கடைசியில் சொந்தம் என்று சொல்ல ஆள் இல்லாமல் போனவர்கள்.

நாங்கள் தண்ணீர் பிடிப்பதும் குளிப்பதும் கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில். அதற்கு இறங்கும் படி பாசி பிடித்துக் கிடந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும், மார்கழிக் குளிருக்கு முன்னால் கம்பளி வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதித்தான் இந்த மனிதரை வரவழைத்திருந்தேன். அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி. அவர் எழுதிக் கொடுத்தால் இரண்டும் வரும். இல்லையென்றால் இந்த மார்கழிக்கும் போர்த்திக்கொள்ளச் சாக்குதான்.

முந்தின நாள் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கெஞ்சியிருந்தேன், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். விடிந்து பார்த்தால், தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பவர்கள் மாதிரி குளித்துத் திருநீறு பூசி விறைப்பாக நிற்கிறார்கள். எழுந்து நிற்கவே முடியாத அம்மாக்கண்ணு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

பரிசோதகர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

“ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லுகினம். நீங்கள் வேற மாதிரி எழுதியிருக்கிறியள். நான் எதை நம்புறது, தங்கச்சி?”

பொய்க்காரி என்று நேராகவே சொல்லியிருந்தால் தேவலை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கங்காணி வீட்டுப் பெண். பெரட்டுக்களத்தில் அப்பா பேர் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள். உடம்புக்கு முடியவில்லை என்று யாரும் அங்கே தன் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் வேலைக்குக் கள்ளம் என்று ஆகிவிடும். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும், அவளுக்குக் காய்ச்சல், நான் தொட்டுப் பார்த்தேன் என்று. அப்படிச் சொன்னால்தான் அது காய்ச்சல்.

“அவங்களப் பத்தி அவங்ககிட்டயே கேக்காதீங்க ஐயா. பக்கத்துக் கட்டிலப் பத்திக் கேளுங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் வீரய்யாவிடம் திரும்பிப் போய்க் கேட்டார்.

மடை திறந்துகொண்டது. அழகுமுத்துவுக்குச் சாயங்காலம் ஆனால் கண் தெரிவதில்லை என்றார் வீரய்யா. வீரய்யா உட்கார்ந்தேதான் தூங்குகிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அழகுமுத்து பதிலுக்குப் போட்டுக்கொடுத்தார். அம்மாக்கண்ணுவின் காலைப் பற்றி இரண்டு பேர் போட்டி போட்டார்கள். நான் சுடும் ரொட்டி மாயாண்டியின் பல்லுக்குக் கல்லாக இருக்கிறதாம். அதையும் எழுதிக்கொண்டார் அந்த மனிதர், அடியில் கோடு வேறு போட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில், பெண்களின் சாக்குத் திரைக்குப் பின்னால், காளியாயி. அவர் கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் பேச்சியம்மாவின் கட்டில். பேச்சியம்மா அங்கே இல்லை.

பரிசோதகர் அந்தக் கட்டிலைக் காட்டிக் கேட்டார். காளியாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று யோசித்தார்.

“பேச்சியம்மாவுக்குத்தாங்க முடியல. ரெண்டு முழங்காலும் வீங்கிக் கெடக்கு. போன வெள்ளிக்கெழம பீலிப் படியில வழுக்கி விழுந்தா, இந்தப் புள்ளகிட்டகூடச் சொல்லல. குளிருக்கு ஒரு கம்பளி வேணும்னு கேக்கவும் அவளுக்கு வாய் வராதுங்க.”

வெள்ளிக்கிழமை விழுந்தது எனக்குப் புதுச் செய்தி. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்பும் நின்றுபோயின. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காளியாயி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பரிசோதகர் இல்லத்தின் பெயர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பேச்சியம்மாவின் பெயரைத் தேடிப் பிடித்து, அதன் மேல் விரலை வைத்தார். பிறகு தன் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“பீலிப் படிக்குக் கம்பி. டொக்டர் வந்து எல்லாரின்ரை முழங்காலையும் பார்க்க வேணும். எல்லாருக்கும் கம்பளி, பேச்சியம்மாவுக்கும் ஒண்டு.” காளியாயியின் பக்கம் குனிந்தார். “அவவின்ரை கம்பளியை நீங்களே வாங்கி வச்சிருங்கோ, அம்மா.”

“சரிங்க, நான் குடுத்துர்றேன்” என்றார் காளியாயி. முகம் தெளிந்திருந்தது.

பதிவேட்டைப் பரிசோதகர் என் கையில் திருப்பித் தந்தார். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பேச்சியம்மாவின் பெயருக்குக் குறுக்கே சிவப்பு மைக் கோடும், பக்கத்தில் ‘காலமானார்’ என்ற சொல்லும், ஏழு மாதத்துக்கு முந்தின தேதியும் என் கையெழுத்திலேயே இருந்தன.