பெரிய வியாழன் முழக்கம்

கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் ஒரு மெழுகுதிரியை அணைத்து வருகிறார்கள். கடைசித் திரியைப் பீடத்தின் பின்னால் மறைத்ததும் கோயில் இருளும். ஆண்டவர் இறந்தபோது பூமி அதிர்ந்ததை நினைத்துச் சனங்கள் தாங்கள் இருக்கும் மர வாங்குகளில் தட்டுவார்கள். போன பெரிய வியாழனன்று அந்தச் சத்தத்தில், பூதம் வந்துவிட்டதென்று என் தம்பி மகள் டோரின் அலறினாள். கோயிலே சிரித்தது. பிரெஞ்சுச் சுவாமிகூடத் திரும்பிப் பார்த்தார். வெட்கத்தில் எங்கள் குடும்பம் அன்றைக்குப் பக்கக் கதவால் வெளியேறியது. இன்றும் அவளை முன் வாங்கிலேயே இருத்தியிருக்கிறேன்.

"இண்டைக்கும் கத்துவியோடி?" பின் வாங்கிலிருந்து அவளுடைய மச்சான் பேர்னாட் சீண்டுகிறான்.

"நீ இருந்து பாரன்," என்கிறாள் டோரின். அவள் விரல்களோ என் கோட்டுக் கையை இறுகப் பற்றியிருக்கின்றன.

திரி மறைகிறது. அணைந்த மெழுகின் புகை மணக்கிறது. பின்னாலிருந்து முழக்கம் உருண்டு வருகிறது. நாங்கள் இருக்கும் வாங்கு நடுங்குகிறது. கோட்டிலிருந்து அவள் கை விலகுகிறது. ஓடப்போகிறாள் என்று பிடிக்கக் கையை நீட்டுகிறேன். அப்போது எனக்குப் பக்கத்திலேயே டமார் என்று ஓர் அடி விழுகிறது. பிறகு இன்னொன்று. அடிக்கு அடி, "போ! போ!" என்று அவள் குரல்.

திரி திரும்பி வருகிறது. எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள். டோரின் மட்டும் முழங்காற்பலகையில் ஏறி நின்று, கழற்றிய சப்பாத்தால் இன்னும் ஓர் அடி அடிக்கிறாள். பேர்னாட் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

"பெரியப்பா, பூதம் போயிட்டுது."

சப்பாத்தைப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. அதைக் கையில் பிடித்தபடி அவள் நடுப்பாதையால், பெரிய வாசலை நோக்கி நடக்கிறாள். நான் தலை நிமிர்ந்து அவள் பின்னால் போகிறேன்.