குண்டம்மா குடித்த கஞ்சி

“உன் புள்ளைக்கு நீ குடுத்தனுப்புற கஞ்சியைக் குண்டம்மாதான் குடிக்கிறா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்டி!”

தையல் கம்பெனியில் துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக்காரி இப்படிச் சொன்னதும், பக்கத்தில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றுவிட்டது.

ஒன்றரை வயது மகனைக் குண்டம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் அவள் தினமும் வேலைக்கு வருகிறாள். சந்துக்கோடியில் குண்டம்மாவுக்கு ஒற்றை அறை வீடு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். சாப்பாடு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும்.

“நீ எங்கடி பார்த்த?”

“நேத்து லீவு போட்டேன்ல? அவ ஜன்னல் பக்கமா போனேன். உன் நீலத் தூக்கை அண்ணாந்து கவுத்துக்கிட்டு நிக்கிறா. கடைசிச் சொட்டு வரைக்கும் விடலை!”

பட்டன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் குண்டம்மா சொன்னது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது.

“கஞ்சி ரொம்பத் தண்ணியா இருக்கு கண்ணு. கெட்டியா வையேன்.”

“கெட்டியா வெச்சா தொண்டையில அடைச்சுக்கும். என் புள்ளைக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியும்க்கா.” வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இதை அவள் சொல்லக் கேட்டதும் ஓவர்லாக்காரி தொடையைத் தட்டினாள். “பாத்தியா! குடிக்கிறது அவளாச்சே, கெட்டியா கேக்காம என்ன செய்வா?”

சரிதான். ஆனாலும் எங்கேயோ இடித்தது.

பிள்ளை பட்டினி கிடந்தால் வற்றியல்லவா போகவேண்டும்? முன்பெல்லாம் பிள்ளைக்கு எடை போதவில்லை என்று திட்டு திட்டென்று திட்டும் ஆஸ்பத்திரி நர்சம்மா, போன வாரம் எடை போட்டுவிட்டுச் சிரித்தாளே!

“பரவாயில்லையே, பையன் தேறிட்டான். என்ன குடுக்கிற?”

“அதே கஞ்சிதாங்க.”

நர்சம்மா நம்பாமல் பார்த்தாள்.

அது போகட்டும். ஓசிக் கஞ்சி குடிக்கிற குண்டம்மா இன்னும் ஒரு சுற்று பெருக்க வேண்டாமோ? மணிக்கட்டில் இறுகிக் கிடந்த அவள் வளையல் இப்போது கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது. ‘பேரை மாத்திடலாமா?’ என்று சந்தே கேலி பண்ணுகிறது.

குடிக்கிறவள் இளைக்கிறாள். குடிக்காதவன் கொழுக்கிறான். என்ன கூத்து இது?

“மந்திரம் கிந்திரம் போடுறாளோ?” என்றாள் ஓவர்லாக்காரி.

“சும்மா இருடி, நானே குழம்பிப்போய்க் கிடக்கேன்.”

மத்தியான மணி அடித்ததும் ஒரே ஓட்டம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பொய்யில்லை. அதே நீலத் தூக்கு. அண்ணாந்த கழுத்து.

“புள்ளை வயித்துல அடிச்சுக் குடிக்கிறியே, நீ நல்லா இருப்பியாக்கா?”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றாள்.

தரையில் அவள் மகன். அவன் முன்னால் அவனைவிடப் பெரிய தட்டு. குழையப் பிசைந்த சோறு, கீரை, பாதி முட்டை. மூக்கு நுனியெல்லாம் மஞ்சள் கரு. அம்மா வந்ததைக்கூடக் கண்டுகொள்ளாமல் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான்.

“இது… எந்தப் புள்ளை சோறு? யார்கிட்ட புடுங்கி இவனுக்குப் போட்ட?”

சுற்றிலும் பார்த்தாள். மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவரவர் கிண்ணம் இருந்தது. குண்டம்மாவுக்கு முன்னால்தான் எதுவும் இல்லை.

“யாருது அக்கா?” குரல் இறங்கிவிட்டது.

திருடி அகப்பட்டவள் மாதிரி விழித்த குண்டம்மா, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னுதுதான். கெட்டியா வைன்னு அன்னிக்கே சொன்னேன். நீ வெச்சிருந்தா, நான் என் சோத்தையே சாப்பிட்டிருப்பேன்ல கண்ணு?”