இரண்டு சக்கரமும் ஒரே சூடு

"ஏங்க, புகை வருது" என்றாள் மனைவி.

பத்து நிமிடமாகவே கருகல் நாற்றம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. காரும் முக்கி முக்கித்தான் நகர்ந்தது. நான் ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

சாலையோரம் ஒரு பஞ்சர் கடை தெரிந்தது. அதன் எதிரே வண்டி தானாகவே நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் அசையவில்லை.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி நின்றாலும் முழங்காலில் அனல் அடித்தது.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. எரிச்சல்கூட வரவில்லை.

மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தாள்.

"ஊத்தாதீங்கக்கா! டிஸ்க் விரிசல் விட்டுரும்." கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "பிரேக் பிடிச்சது விடல. கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க."

கடையில் இரண்டு முக்காலிகள் இருந்தன. உட்கார்ந்தோம்.

மணி ஒன்பதே கால். பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மடியில் வைத்திருந்த துணிப்பையைப் பார்த்தாள். உள்ளே ஒரு புதுச் சட்டை. அளவு சரியாக இருக்குமா என்று நேற்றிலிருந்து நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

அரை மணி நேரம் அப்படியே போனது. நான் எதிரே இருந்த பழைய டயர்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன்.

கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் இருந்த ஒரு சின்னத் திருகைத் தளர்த்தினார். பிரேக் ஆயில் கறுப்பாகப் பீய்ச்சி அடித்தது. உடனே டிஸ்க் அவர் விரல் பட்டதும் சுற்றியது.

அடுத்த பக்கமும் அதே கதைதான்.

பிஸ்டன்களைத் தள்ளிப் பார்த்தார். ரப்பர்களைத் தடவிப் பார்த்தார். புது ஆயில் விட்டு, காற்றை எடுத்து, சக்கரங்களைத் திரும்ப மாட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல சார். ஒரு சக்கரம் மட்டும் சுட்டா அது வண்டி மேல தப்பு. ரெண்டும் ஒரே மாதிரி சுட்டிருக்கு." தயங்கினார். "கிளட்ச் இல்லாத வண்டி. சும்மா இருக்குற இடது கால பிரேக் மேல வச்சுக்கிட்டே ஓட்டிட்டு வந்திருக்கீங்க. மலையிறக்கம்னா கூடப் பரவாயில்ல. இந்த ரோடு தட்டு மாதிரி இருக்கு."

நான் என் இடது செருப்பைப் பார்த்தேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். அப்படி ஒரு பழக்கம் எனக்குக் கிடையாது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வீட்டுலேர்ந்து கெளம்பினதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துணிப்பையின் வாயை மடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் பேச்சை மாற்றினார். "எங்க போறீங்கக்கா, ஏதாவது விசேஷமா?"

"பையனைக் கூட்டிட்டு வரப் போறோம்."

"ஹாஸ்டல்லேர்ந்தா?"

"ஜெயில்லேர்ந்து. இன்னைக்கு விடுறாங்க."

அவர் முகம் ஒரு கணம் மாறி மறுபடி சரியானது. "நல்லது. பெத்தவங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்தா அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்றார்.

ஏழு வருஷமாக மாதம் தவறாமல் மனைவி மட்டும்தான் போய்வந்தாள். நான் போனதில்லை. அவனும் என்னைக் கேட்டதில்லை என்று சொல்லியிருந்தாள். இன்று மட்டும், "நீங்க வரலேன்னா நானும் போகல" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், கிளம்பும்போது பின்சீட்டில் ஏறினாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

"போங்க" என்றாள்.

பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் இடது காலை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெரிய கதவு மூடியிருந்தது. உயரமான மதிலை ஒட்டி ஓர் ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. மனைவி கண்ணாடியை இறக்கிக் கையசைத்த பிறகுதான் அவன் என் மகன் என்று எனக்கு உறைத்தது.

அவன் வண்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

கடைசியாக அவனை நேருக்கு நேர் பார்த்தது கோர்ட்டில். மொட்டை மாடிச் சண்டையில் கீழ்வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளியது யார் என்று வக்கீல் கேட்டார். அன்று மாடியில் நான், அவன், கீழ்வீட்டுக்காரர் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர் செத்துவிட்டார். நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் கேஸ் அத்தோடு முடிந்திருக்கும்.

கையை நீட்டி அவனைக் காட்டினேன்.



அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தான்.