பேழையின் தாழ்ப்பாள்

நோவாவின் பேழைக்கு மாதிரியாகக் கட்டிய அறைக்குள் ஆசாரி தனியாக நிற்கிறார். பொழுதுபோக்குப் பூங்காவில் வரப்போகும் பேழை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஒற்றை அறை. ஒட்டுப்பலகைச் சுவரில் பசை இன்னும் காயவில்லை. இடுக்கு வழியே விழும் மதிய வெளிச்சத்தில் மரத்தூள் மிதக்கிறது. சுருட்டிய வரைபடத்தோடு வடிவமைப்பாளரம்மா தலையை நீட்டுகிறார். "என்ன ஆசாரி, தாழ்ப்பாளை உள்பக்கம் அடிச்சு வச்சிருக்கீங்க? கதையில கதவைச் சாத்துனது கடவுள். வெளியில இருந்துல்ல பூட்டணும்!" "கைப்பழக்கம்மா. மாத்திடறேன்." "அப்புறம் மாத்துங்க. இப்ப சாத்திக்குங்க, சத்தம் எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

ஆசாரி கதவைச் சாத்தித் தாழ் போடுகிறார். ஒலிபெருக்கியில் மழை பிடித்துக்கொள்கிறது. பேழையில் ஏற முடியாமல் போனவர்கள் தட்டுவதுபோல் ஒலிக்காரன் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறான், முதலில் முஷ்டியால், பிறகு விரிந்த உள்ளங்கையால். ஆசாரியின் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளம் வந்த வருஷம் மாடியறைக் கதவை இப்படித்தான் தம்பி தட்டினான். திறந்தால் தண்ணீர் பாய்ந்துவிடும், உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இவர் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார், தட்டுவது ஓயும்வரை. இப்போது பலகையை நகம் சுரண்டுகிறது. ஆசாரியின் கை பாய்ந்து தாழை இழுக்கிறது. வெளியே சுள்ளென்ற வெயில். ஒலிக்காரன் சிரிக்கிறான். "என்ன பெரியவரே, இன்னும் ஒரு நிமிஷம் தட்டணும், அதுக்குள்ள திறந்துட்டீங்களே!" ஆசாரி அவன் மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறார். "உள்ள வா," என்கிறார். "உள்ள வாடா."